வலப்பக்கம் சாய்ந்த இலை

பெருந்தோட்டப் பசுமை மேன்மைச் சபையின் ஹட்டன் அலுவலகத்தில் எந்தக் கூட்டமும் மூச்சில்தான் தொடங்கும். எல்லோரும் எழுந்து, கண்ணை மூடி, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மலையை மனத்தில் நிறுத்தி, நன்றாக மூச்சை இழுத்து விட வேண்டும். 'பசுமை மூச்சு' என்று அதற்குப் பெயர். ஜன்னலுக்கு வெளியே இருப்பதோ பஸ் நிலையம். அதனால் மூச்சை இழுத்தவர்களில் பாதிப் பேர் இருமுவார்கள். இருமல் அடங்கியதும் பணிப்பாளர் கஜேந்திரன் "நன்றி" என்பார். யாருக்கு என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

தனுஷிகா அந்தச் சபையின் பயிலுநர் வரைகலைஞர். கணினியில் படம் வரைவதற்கு டிப்ளோமா முடித்துவிட்டு வந்தவள். எந்த ஊர் என்று முதல் நாள் கேட்டார்கள். "டிக்கோயா" என்றாள். டிக்கோயா டவுன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவளும் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டாள். டிக்கோயாவிலிருந்து மேலே ஏறினால் கல்லுமலைத் தோட்டம், அங்கே ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளாக ஒரு லயம், அந்த லயத்தின் கடைசிக் காம்பிராவில், ஒற்றை அறையில், அவளும் அம்மா மீனம்மாவும். மீனம்மா ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிறாள். பொய் சொல்லவில்லை, உண்மையில் கொஞ்சத்தை மிச்சம் வைத்திருக்கிறேன் என்று தனுஷிகா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். சமாதானம் ஒருநாளும் வயிற்றில் இறங்கியதில்லை.

காலையில் அம்மாவும் மகளும் ஒரே மாதிரிதான் புறப்படுவார்கள். ஆளுக்கு ஒரு வாய் பாலில்லாச் சாயத்தண்ணி, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. மலையில் கக்கூசு இல்லை என்பதால் மீனம்மா குடிப்பதில்லை. சபையில் கக்கூசு உண்டு; ஆனால் அதன் சாவி கஜேந்திரனின் மேசை லாச்சிக்குள் இருந்தது. அவர் முன்னால் போய் நின்று அதைக் கேட்பதைவிட நாக்கு வறண்டு கிடப்பது மேல் என்று தனுஷிகாவும் குடிப்பதில்லை.

அன்றைய கூட்டத்தின் பொருள் 'மகளிர் இயற்கை ஓய்வகம்'. தனுஷிகாவுக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்கக் கூடாது என்பதும் அவளுக்கு அப்போது தெரியாது.

"சேர், ஓய்வகம்னா… உக்காந்து ரெஸ்ட் எடுக்கிற எடமா?"

சபை முழுவதும் மேசையைப் பார்த்தது.

"உட்காருவது சரி," என்றார் ஒரு மூத்த உறுப்பினர், மிகுந்த யோசனைக்குப் பிறகு.

"மிஸ் தனுஷிகா," என்றார் கஜேந்திரன். கொழும்பிலிருந்து வந்தவர், மேடையில் பேசுவது போலவேதான் சாப்பாட்டு அறையிலும் பேசுவார். "வயலில்… ஐ மீன், மலையில்… பணிபுரிகின்ற மகளிருக்கு, பணி நேரத்தில், ஓர் அத்தியாவசியமான, தவிர்க்க முடியாத, தனிப்பட்ட…"

"கக்கூசா சேர்?"

கஜேந்திரன் கண்ணை மூடி, ஒரு பசுமை மூச்சை இழுத்து விட்டார். பிறகு, அந்தச் சொல் இந்தக் கட்டிடத்துக்குள் பயன்படுத்தப்படுவதில்லை என்றும், சபை அதைவிட உயர்ந்த சொற்களைக் கண்டுபிடிக்க மூன்று உபகுழுக்களை அமர்த்தியிருந்தது என்றும் விளக்கினார். தனுஷிகாவுக்குக் காது வரைக்கும் எரிந்தது. அந்தச் சொல்லைச் சொன்ன வாயிலேயே லயத்து வாடை வந்திருக்குமோ என்று பயந்துபோனாள்.

விஷயம் இதுதான். தங்கத் தளிர்ச் சான்றிதழ் கிடைத்தால் தேயிலையை வெளிநாட்டில் நல்ல விலைக்கு விற்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு மலையிலும் பெண்களுக்குக் கக்கூசு இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரு வெளிநாட்டு மதிப்பீட்டாளர் வரப்போகிறார். ஆகவே சபை உடனடியாகச் செயலில் இறங்கி, முதல் வேலையாக ஒரு சின்னம் வரைவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

"சின்னம் நல்லா வந்தா, சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்தா, உங்கட நியமனம் நிரந்தரம்," என்றார் கஜேந்திரன்.

தனுஷிகா அன்றே வரைந்தாள். கூடையைத் தலையில் மாட்டிய ஒரு பெண், பக்கத்தில் ஒரு கதவு. வெக்டர் மென்பொருளில் ஒரு கோட்டை வளைப்பதென்றால், புள்ளி வைத்து அதன் இரண்டு பக்கமும் முளைக்கும் கைப்பிடிகளைப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். கொழுந்து கிள்ளுவது போலத்தான். அவசரப்பட்டால் காம்போடு வந்துவிடும். அம்மாவின் முதுகு வளைவு கொஞ்சமும் பிசகாமல் வந்திருந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

சபை பார்த்தது.

"கதவு வேண்டாம்," என்றார் மூத்த உறுப்பினர். "கதவைக் காட்டினால் கட்டிடத்தைக் கேட்பார்கள்."

"பெண்ணும் வேண்டாம்," என்றார் இன்னொருவர். "அந்த நேரத்தில் அவர் வேலை செய்யவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது. இது தொழில் ஒழுக்கத்துக்கு நல்லதல்ல."

"நேச்சர்," என்றார் கஜேந்திரன். "எனக்கு நேச்சர் வேணும். இலை. துளி. அவ்வளவுதான்."

கதவு போயிற்று. அம்மாவின் முதுகு போயிற்று. ஒரு பாதி இலையை வரைந்து, அதையே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டு மறுபாதியாக்கி ஒட்டினாள். அடியில் ஒரு துளி வைத்தாள். போகும் வழியைக் காட்ட அம்புக்குறி வேண்டும் என்று யாரோ நினைவுபடுத்த, அம்புக்குறி ஆயுதம் என்று மூத்த உறுப்பினர் ஆட்சேபிக்க, கடைசியில் இலையையே வலப்பக்கம் சாய்த்து, அதன் நுனியே வழி காட்டும்படி செய்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகவில்லை; அழகான இலையாகத்தான் வந்திருந்தது. எதற்கான படம் என்பதைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது.

"பெரிய போர்டில் போட்டா உடையாதா?" என்று கேட்டார் கஜேந்திரன்.

"வெக்டர் சேர். எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாது. மங்காது."

அந்த வாக்கியம் கஜேந்திரனை ஆட்கொண்டது. அடுத்த வாரம், தோட்டம் தோட்டமாகப் பலகை நட்டுத் திறந்து வைத்தபோது அவர் அதையேதான் பேசினார். கல்லுமலை ஏழாம் நம்பர் மலையில் பலகைக்கு மாலை போட்டு, பால் பொங்க வைத்து, ரிப்பன் வெட்டி, கொழுந்துக் கூடைகளோடு நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னார்:

"கட்டிடம் என்றால் என்ன? தகரம் துருப்பிடிக்கும். சுவர் வெடிக்கும். குழாய் அடைக்கும். நேற்றுக் கட்டியதை நாளைக்குக் கழுவ வேண்டும். ஆனால் இந்தச் சின்னம் உடையாது, மங்காது, கழுவவும் தேவையில்லை! ஆகவேதான் சபை, உங்களுக்கு என்றென்றும் நிலைக்கக்கூடியதை முதல் கட்டமாகத் தந்திருக்கிறது. மற்றது இரண்டாம் கட்டம்."

பெண்கள் கை தட்டினார்கள். பால்பொங்கலைக் கொடுக்கிறவர்கள் சொல்வதற்குக் கை தட்டுவதுதானே மரியாதை.

ஒரே ஒரு சிக்கல். எல்லாப் பலகையும் ஒரே படத்திலிருந்து அச்சடித்தவை. எல்லா இலைகளும் வலப்பக்கமே சாய்ந்திருந்தன. வலப்பக்கத்தில் என்ன இருக்கிறதென்று மலையைப் போய்ப் பார்த்தவர் எவருமில்லை. ஒரு மலையில் இலை நுனி, குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீரைக் காட்டியது. இன்னொன்றில் பாதாளப் பள்ளத்தைக் காட்டியது. பதினோராம் நம்பர் மலையில் நேராக முனியாண்டி கோயிலைக் காட்டியது. பலகையைப் பிடுங்காமல் மலைக்கு ஏறமாட்டோம் என்று பெண்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சபை அவசரமாகக் கூடி, மூச்சு விட்டு, இருமி, அந்தப் பலகையை மட்டும் தலைகீழாக நடும்படி உத்தரவிட்டது. இலை இடப்பக்கம் திரும்பிவிட்டது. துளி மேலே போய்விட்டது. அது மழையைக் குறிக்கிறது என்று சபை விளக்கம் அளித்தது.

பலகை அச்சடித்த அன்ஸார் நானாவுக்கு மட்டும் மனது கேட்கவில்லை. கடைக்குப் போன தனுஷிகாவிடம் கேட்டார்.

"மகள், இது என்னத்துக்கு உள்ள போர்ட்?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எங்க கட்டி இருக்காங்க?"

"இன்னும் கட்டல நானா. அது ரெண்டாங் கட்டமாம்."

அன்ஸார் நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பட்ட கதை கேட்டிருக்கன். இவங்க யானையே இல்லாம அங்குசத்த அச்சடிக்கச் சொல்றாங்க. சரி, எனக்கென்ன, மலைக்கு ஒண்டு கேட்டாங்க, மலைக்கு ஒண்டு கொடுத்தாச்சு."

அவள் சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

உண்மையான வெட்கம் அன்று சாயங்காலம் வீட்டில் காத்திருந்தது. மீனம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"எவ்வளவு வெளக்கமா வரைஞ்சிருக்க புள்ள! எழுத்துத் தெரியாதவளுக்கும் வெளங்குது."

"என்னாம்மா வெளங்குது?"

"அதான், எலைக்குள்ள போ, இந்தப் பக்கமாப் போ, தண்ணிய விட்டுட்டு வா. இத்தன வருசமா ஒளிஞ்சு ஒளிஞ்சுதானே போனோம்? வேல வாங்குற கண்டாக்கையா கண்டா, எங்கடி போனன்னு மலையே கேக்க சத்தம் போடுவாரு. இப்ப கம்பெனியே போர்ட்டு போட்டு எடத்தக் காட்டிருச்சு. எல்லாரும் அந்தப் பக்கந்தான் போறோம். கண்டாக்கையாவால வாய் தொறக்க முடியல."

தனுஷிகா திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். என்ன சொல்லித் திருத்துவது? இல்லையம்மா, அது கக்கூசுக்கு வழி என்பதா? எந்தக் கக்கூசுக்கு? இலை, துளி, பக்கம். படத்தில் இருப்பதைத்தான் அம்மா வாசித்திருக்கிறாள். சபை மாதக்கணக்காகக் கூடி மறைத்ததை மலைப்பெண்கள் ஒரே பார்வையில் படித்துவிட்டார்கள். 

"எம்மக வரைஞ்சதுன்னு நாளைக்கு எல்லாருகிட்டயும் சொல்லப் போறேன்," என்றாள் மீனம்மா.

"வேணாம்மா! யாருகிட்டயும் சொல்லாதீங்க."

சொன்ன வேகத்தைக் கேட்டு மீனம்மா ஒருகணம் மகளைப் பார்த்தாள். பிறகு அடுப்பை ஊதப் போனாள்.

மதிப்பீட்டாளர் வந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி, காலில் சேறு படுவதைப் பற்றிக் கவலைப்படாதவர். கஜேந்திரன் அவரை ஏழாம் நம்பர் மலைக்கே கூட்டிவந்தார், அங்கே இலை பள்ளத்தையோ கோயிலையோ காட்டவில்லை. சின்னத்தை விளக்குவதற்குத் தனுஷிகாவும் வந்தாக வேண்டும். அலுவலகச் சப்பாத்தோடு அவள் மலைப்பாதையில் தடுமாறி ஏறியபோது தேயிலை நிரையில் நின்ற பெண்களில் பாதிப்பேர் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். ஒருத்தி "ஏய், நம்ம தனு…" என்று ஆரம்பித்தாள். மீனம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். தனுஷிகா போனில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். போனில் ஒன்றுமில்லை.

ஓய்வகம் இலை காட்டும் பக்கம் உள்ளே இருக்கிறது, இது பெண்கள் பயன்படுத்தும் நேரம் என்று கஜேந்திரன் சொல்ல, அப்படியானால் பெண்களில் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார் மதிப்பீட்டாளர். சேலையைச் சுத்தமாகக் கட்டியிருந்தவளைக் கண்டாக்கையா முன்னால் தள்ளிவிட்டார். அது மீனம்மா.

"இந்த வசதி உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று வெள்ளைக்கார அம்மா ஆங்கிலத்தில் கேட்க, கஜேந்திரன் தமிழாக்கினார்.

மீனம்மா மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது இருப்பதாகவே அவளுக்குத் தெரியாது. "நல்லாத்தாங்க இருக்கு. அந்த எல காட்டுற பக்கம், தேயிலக்குள்ள போயிருவோம். ஒருத்தி போனா இன்னொருத்தி படங்க அவுத்துச் சுத்திப் புடிச்சுக்குவா, மறப்புக்கு. மழ நாள்லதான் அட்டக் கடி தாங்க முடியாது. தூரமான நாள்ல இன்னும் கஷ்டங்க. ஒரு சின்னக் கக்கூசு கட்டிக் குடுத்தாங்கன்னா புண்ணியமாப் போகும்."

படங்கு என்பது பனியும் முள்ளும் படாமலிருக்கக் கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த துணி. ஏழாம் நம்பர் மலையில் இருந்த ஒரே சுவர் அதுதான்.

கஜேந்திரன் புன்னகை மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "வசதி மிகச் சிறப்பாக இருப்பதாகச் சொல்கிறார். இயற்கையோடு இணைந்து, ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக, பாரம்பரிய முறையில் பயன்படுத்துகிறார்களாம். சபைக்கு நன்றி தெரிவிக்கிறார்."

மதிப்பீட்டாளர் அவரைப் பார்த்தார், மீனம்மாவைப் பார்த்தார். இவ்வளவு நீளமாகப் பேசியதில் நன்றி எங்கே இருந்தது என்று தேடுகிற பார்வை. சட்டென்று தனுஷிகாவின் பக்கம் திரும்பினார்.

"நீ தமிழ்ப் பெண்தானே? அவர் சொன்னது இதுதானா?"

ஒரே ஒரு சொல் போதும். 'இல்லை' என்று சொன்னால், கக்கூசு கட்டாமல் சான்றிதழ் கிடைக்காது. கட்டித்தான் ஆக வேண்டும். அவளுடைய வேலை அன்றோடு போகும். அவ்வளவுதான் கணக்கு. கஜேந்திரன் தனுஷிகாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். மூத்த உறுப்பினர் கண்ணை மூடிப் பசுமை மூச்சு விட்டார். நிரையில் பெண்கள் எல்லோரும் கொழுந்து கிள்ளுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"மிஸ்," என்றாள் மீனம்மா, மகளைப் பார்த்து. "நான் சொன்னத அந்தம்மாவுக்கு நீங்களே சொல்லிருங்க மிஸ்."

மிஸ். பெற்ற வயிறு அப்படிக் கூப்பிட்டது. கோபத்தில் கூப்பிடவில்லை, மகள் மானம் போய்விடக் கூடாதே என்று கூப்பிட்டது. தனுஷிகாவுக்கு மலையோடு சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அம்மா கொடுத்த அந்த மறைப்புக்குள் அவள் ஒளிந்துகொண்டாள்.

"யெஸ்," என்றாள்.

யெஸ் என்ற சொல்லுக்கு லயத்தில் யாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மீனம்மா தலையைக் குனிந்துகொண்டு நிரைக்குத் திரும்பிப் போனாள்.

அதன் பிறகு எல்லாம் சீராக நடந்தது. பலகைக்குப் பக்கத்தில் போட்டிருந்த கூடாரத்தில் தேநீர் கொடுத்தார்கள். வழிகாட்டல் மிகத் தெளிவாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார். சின்னத்தை வரைந்தவள் என்று அறிந்து, தன் கையாலேயே தனுஷிகாவுக்குத் தேநீர் ஊற்றித் தந்தார், குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றினார். மறுக்கத் தெரியாமல் அவள் குடித்தாள். கஜேந்திரன் அவள் காதருகே குனிந்து, "நிரந்தரம்" என்றார். தலைவாழை இலையில் சோற்றைப் போட்டுவிட்டு மண்ணையும் அள்ளிப் போட்டது போலிருந்தது அவளுக்கு.

பிறகு பெரியவர்களுக்கெல்லாம் அந்தத் தவிர்க்க முடியாத தேவை வந்தது. யாரும் இலை நுனியைப் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறித் தோட்டத் துரையின் பங்களாவுக்குப் போய்விட்டார்கள். கூடாரத்துச் சுவரொட்டிகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பின்னால் வரும்படி தனுஷிகாவை விட்டுச் சென்றார்கள்.

அவள் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் குடித்த தேநீர் அடிவயிற்றை முட்டியது. பங்களா எட்டாத தூரத்தில். லயம் அதைவிடத் தூரம். சுற்றிலும் இடுப்பளவுத் தேயிலை, மேலே பாதையில் ஆள் நடமாட்டம். கால்களைப் பின்னிக்கொண்டு பலகையின் அருகே நின்றாள். தான் வரைந்த இலை, தனக்கே வழி காட்டியது.

யாரும் கூப்பிடாமல் மீனம்மா நிரையை விட்டு வந்தாள்.  இடுப்பிலிருந்து படங்கை அவிழ்த்தாள்.

"போ. நான் நிக்கிறேன்."

"அம்மா, நான் அந்தம்மாகிட்ட…"

"பேசாமப் போ புள்ள, கண்டாக்கையா வந்துருவாரு."

இலை காட்டிய பக்கம், தேயிலைக்குள், தனுஷிகா குந்தினாள். அலுவலகச் சப்பாத்து ஈர மண்ணில் புதைந்தது. அம்மா இரண்டு கையாலும் படங்கை விரித்துச் சுற்றிப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். படங்கில் கொழுந்துச் சாயமும் வேர்வையும் மணத்தன. தனுஷிகா அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்.

"பயப்புடாத. அந்த எலய நீதான் வரைஞ்சன்னு நான் யாருகிட்டயும் சொல்லல."